பத்துப் பாகம் முங்குகிறவருக்கும் கேதார்நாத்தில் மூச்சு வாங்கும்

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கேதார்நாத் நடை திறப்பதும் ஏறக்குறைய அதே சமயம்தான். அதனால் சித்திரை பிறந்துவிட்டால் என் மேசைக்கு சர்க்கரை, பிரஷர் சீட்டுகளோடு யாத்திரைச் சீட்டுகளும் வந்துவிடும். சேதுவில் மண் எடுத்துப் பிரயாகையில் கரைத்து, கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்கிற வழக்கம் பழையது. இப்போது அதோடு கேதாரும் பத்ரியும் சேர்ந்துவிட்டன.

போன வருடம் சேதுக்கரைப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். சங்கு குளிக்கிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் மனைவிக்கு பிரஷர் மாத்திரை எழுத வேண்டும். "அண்ணே, உங்களையும் பார்த்துவிடுகிறேன்" என்றேன். சிரித்தார். "நான் பத்துப் பாகம் முங்குறவன் டாக்டர். எனக்கு மூச்சுல என்ன குறை?" (பாகம் என்பது கடல் ஆழக் கணக்கு, ஒரு பாகம் சுமார் ஆறடி.)

பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் மதுரையிலிருந்து விமானத்தில் டெல்லி. இரண்டாம் இரவு ஹரித்வார், மூன்றாம் இரவு குப்தகாசி. நான்காம் நாள் காலை ஹெலிகாப்டரில் கேதார்நாத், இரவு அங்கேயே. ஊர்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வொரு வரியிலும் இருந்தது. எந்த ஊர் எவ்வளவு உயரம் என்று ஒரு வரிகூட இல்லை. நானே பேனாவால் எழுதினேன்: ஹரித்வார் சுமார் 300 மீட்டர், குப்தகாசி சுமார் 1,300, கேதார்நாத் 3,583. ஹெலிகாப்டருக்கு அந்தக் கடைசி ஏற்றம் பத்து நிமிட வேலை. உடம்பு பழகுவதற்கோ சில நாள் வேண்டும்.

நமக்கு உயரம் பழக்கமில்லை. இராமேசுவரத்தில் மலை என்றால் கந்தமாதன பர்வதம்தான். அது மணல்மேடு, பேருக்குத்தான் பர்வதம். (புராணத்தில் அதே பெயரில் இமயத்திலும் ஒரு மலை உண்டு.) கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் வெள்ளையாக நிற்பது 6,940 மீட்டர். அதன் காலடியில் இருக்கிற சோராபாரி பனியாற்றிலிருந்துதான் மந்தாகினி புறப்படுகிறது. கிழக்கே சௌகம்பா, 7,138 மீட்டர், நான்கு தூண் நட்டது போல. அதன் ஒரு பக்கத்துப் பனி இறங்கி, சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறாகி, கோமுகத்தில் பாகீரதியாக வெளியே வருகிறது. மறுபக்கத்துப் பனி பத்ரிநாத் பக்கம் அளகநந்தாவாகிறது. தேவப்பிரயாகையில் இரண்டும் கூடிய பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். இன்னும் கிழக்கே போனால் நந்தாதேவி, 7,816. கேதாருக்கும் பத்ரிக்கும் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் நடுவில் இந்த மலையெல்லாம் நிற்பதால் ருத்ரபிரயாகை வரை இறங்கி, மறுபடி ஏறி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும்.

அந்தக் காலத்தில் ஹரித்வாரிலிருந்தே நடந்தார்கள். வழிநெடுக 'சட்டி' என்று தங்குமிடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி, கொஞ்சம் ஏற்றம், மறுபடி ஒரு ராத்திரி. யாரும் சொல்லாமலே உடம்பு பழகிக்கொண்டது. ஹெலிகாப்டர் அந்த ராத்திரிகளைத்தான் எடுத்துக்கொண்டுவிட்டது.

முங்குகிற அண்ணனுக்கு அவர் கணக்கிலேயே சொன்னேன். கடலில் ஐந்தரைப் பாகம், அதாவது பத்து மீட்டர் இறங்கினால் உங்கள் மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. மலையில் இது தலைகீழ். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு நம் கரையிலும் கேதார்நாத்திலும் அதே 21 சதவீதம்தான். ஆனால் அங்கே காற்றழுத்தம் இங்கே இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் போகிறது. இதனால் வருகிற உயர நோய்க்கு நுரையீரல் பலமோ, முங்கிப் பழகிய மூச்சோ காவல் இல்லை. இருபது வயதுப் பையன் படுத்துவிடுவான், பக்கத்தில் பாட்டி சுக்குக் காபி குடித்துக்கொண்டிருப்பார். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

போய்ச் சேர்ந்த ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். கூடவே குமட்டல், பசியின்மை, தள்ளாட்டம். இதை 'பயண அலுப்பு' என்று விடுவதுதான் முதல் தப்பு. மூன்று வருடம் முன்பு கேதார்நாத்திலிருந்து இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன். அங்கே அவர்களுக்கு அது இரண்டாவது ராத்திரி. "அம்மாவுக்குச் சளி டாக்டர், படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தா பரவாயில்ல." கூட வந்த ஏஜென்ட் கஷாயம் கொடுத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். அது சளி இல்லை, நுரையீரலில் நீர் கோக்கிறது. உடனே அங்கிருந்த மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்து, விடிந்ததும் டோலியில் இறக்கினார்கள். சுமார் 1,980 மீட்டரில் இருக்கும் கௌரிகுண்டுக்கு வந்தபோது அந்த அம்மா தானாகவே தண்ணீர் கேட்டிருக்கிறார். இந்த நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். 'காலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கலாம்' என்பது கூடாது.

இன்னொரு சோதனை. சந்தேகப்படுகிறவரை, குதிகாலை மற்ற கால் விரலில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலோ பேச்சு குழம்பினாலோ மூளை வீங்குகிறது என்று அர்த்தம். அப்போது நேரமே இல்லை.

கற்பூரம் முகர்வதால் ஆக்ஸிஜன் வராது. கடையில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடம்தான் தாங்கும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மெஷினை எடுத்துப் போகலாம். அங்கே 85, 90 என்று காட்டினால் அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம், ஆளைப் பாருங்கள். அசெட்டசோலமைடு என்ற தடுப்பு மாத்திரை இருக்கிறது. ஆனால் சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு எல்லாம் விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போடாதீர்கள். இன்சுலின் உறைந்தால் வீண், உள்சட்டைப் பையில் வையுங்கள்.

கோயில் நிற்கிற தரையே பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான். 2013 ஜூன் 17 காலையில் மேலே இருந்த சோராபாரி ஏரிக்கரை உடைந்து என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். பெருமழை எச்சரிக்கை என்றால் கீழேயே இருந்துவிடுங்கள்.

அண்ணனின் திட்டத்தில் குப்தகாசியில் ஒரு இரவைக் கூட்டினோம், கௌரிகுண்டில் ஒரு இரவு சேர்த்தோம். 16 கிலோமீட்டர் ஏற்றத்தை நடந்தும் குதிரையிலுமாகப் போவது என்று முடிவாயிற்று. கேதார்நாத்தில் ஒரே ராத்திரி. கம்ப்ரஸர் குழாயோடு இறங்குகிற ஆள் என்பதால், கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது ஒரு முழு நாள் இடைவெளி விடச் சொன்னேன். "ஆழத்துல இருந்து மேல வர்றப்ப அவசரப்பட்டா மூட்டெல்லாம் பிடிச்சுக்கும், அது மாதிரியா?" என்றார். விமானத்துக்கு இடைவெளி விடச் சொன்னது அதே காரணத்துக்குத்தான்; மலையில் வருவதற்குக் காரணம் வேறு, ஆனால் நிதானம் அதேதான் என்றேன்.

இந்த வருடம் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் வாருங்கள். பழைய மருந்துச் சீட்டோடு, ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊரில் தூங்கப் போகிறீர்கள், அந்த ஊர் எத்தனை மீட்டர் உயரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். 3,000 மீட்டருக்கு மேலே ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகத் தூங்குமிடம் ஏறியிருந்தால், அந்த வரியைத்தான் முதலில் அடிப்பேன்.