சேலம்–சென்னை விமானம் ரத்தானால் எவ்வளவு கிடைக்கும்? கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள்

தூரம் சொல்லும் இணையதளங்களில் சேலம்–சென்னை என்று போட்டால், நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர், பறக்கும் நேரம் அரை மணிக்குச் சற்று மேல் என்று வரும். "ஒரு மணி நேரத்துக்குள் போகிற விமானம், 5,000 ரூபாய்தான் இழப்பீட்டு வரம்பு" என்று இதை வைத்து யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி பார்ப்பது பிளாக் டைமை. அதாவது நிறுத்துமிடத்தில் கிளம்பி, அடுத்த ஊர் நிறுத்துமிடத்தில் போய் நிற்கும்வரை ஆகும் நேரம். டிக்கெட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டுக்கும் வருகைக்கும் உள்ள இடைவெளிதான் அது. அங்கே 1 மணி 5 நிமிடம் என்றிருந்தால் நீங்கள் அடுத்த படிக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு மணி வரை 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இது உச்சவரம்பு மட்டுமே. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் வரும். 1,900 ரூபாய் உடான் (அரசின் மலிவுக் கட்டணத் திட்டம்) சீட்டுக்கு 5,000 கிடைக்காது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் விடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்தைச் சொல்லிவிட்டால் இழப்பீடு இல்லை. அதற்குப் பிறகு, 24 மணி நேரத்துக்கு முன்புவரை சொன்னால், மாற்று விமானமோ டிக்கெட் பணமோ, நீங்கள் ஏற்பதைத் தந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே விமானம் வந்துபோகும் ஊரில் அன்றைக்கே மாற்று எங்கே கிடைக்கப்போகிறது? நாளைய விமானத்தைக் காட்டி "மாற்று கொடுத்துவிட்டோம்" என்றால், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று சொல்லிப் பணத்தைக் கேளுங்கள்.

இன்னொரு பொறி போன் நம்பர். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டு புக் செய்திருந்தால் ரத்துச் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்குப் போகாது. சரியான தொடர்பு விவரம் தராதவருக்கு இழப்பீடு கிடையாது என்று விதியிலேயே இருக்கிறது. புக் செய்யும்போதே உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள்.

வானிலை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, பாதுகாப்புக் காரணம் என்றால் இழப்பீடு வராது. சிறு நிலையங்களில் மேகம் தாழ்ந்தாலே ரத்து நடக்கும், அது நியாயம்தான். ஆனால் எஸ்எம்எஸ்ஸில் "செயல்பாட்டுக் காரணம்" என்று மட்டும் வரும். அப்படி ஒரு காரணம் விலக்குப் பட்டியலில் இல்லை. என்ன நடந்தது என்று அன்றைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

தாமதத்துக்கு இழப்பீடு இல்லை. பிளாக் டைம் இரண்டரை மணி வரையுள்ள விமானம் 2 மணி தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி. 6 மணிக்கு மேல் போனால் மாற்று விமானமோ முழுப் பணமோ. அரை மணி அரை மணியாக நீட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சென்னையில் வேறு டிக்கெட்டில் மேற்கொண்டு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் அதைத் தவறவிட்டதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பிஎன்ஆரில் எடுங்கள்.

திருப்பித் தர வேண்டிய பணத்தை கிரெடிட் ஷெல்லில் (அடுத்த பயணத்துக்கான வரவாக) போட்டுவைப்பது உங்கள் விருப்பம், விமான நிறுவனம் முடிவு செய்வதல்ல. அவர்கள் அனுப்பும் லிங்க்கில் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள்.

முதலில் விமான நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள், பதில் வராவிட்டால் மத்திய அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார். அங்கேயும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டிக்கெட், எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், வாங்கிய சாப்பாட்டு பில் எல்லாவற்றையும் மனுவோடு சேருங்கள்.