நாலாவது சுற்றில் பிரேக் எங்கே போனது?

பந்தய டிராக்கில் என் காரோடு முதல் மூன்று சுற்றுகள் அருமையாகப் போயின. நாலாவது சுற்றில், நீளமான நேர்ப்பாதை முடிகிற இடத்தில், வழக்கமாக மிதிக்கிற அதே புள்ளியில் பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தளதளவென்று கீழே இறங்கியது. காலை எடுத்து இன்னொரு முறை மிதித்தேன், பாதி பிடித்தது. மூன்றாவது மிதிக்குத்தான் கார் மனமிரங்கியது. அதற்குள் வளைவு கடந்துபோய், ஓரத்துச் சரளைக்குள் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பம்பருக்குள்ளிருந்து இரண்டு வாரம் கல் பொறுக்கினேன், அவ்வளவுதான்.

மறுநாள் மெக்கானிக் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அந்த மர்மம் விளங்கியபோதுதான், தெருவில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காரை டிராக் நாளுக்கு (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) தயார் செய்ய நான் அதுவரை போட்ட காசெல்லாம் தப்பான இடத்தில் போட்டது என்று புரிந்தது. சைலன்ஸர் மாற்றியிருந்தேன், ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தேன். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில், வருகிறது. வளைவுக்காக அதை 72 கிலோமீட்டருக்கு, நொடிக்கு 20 மீட்டருக்கு, இறக்க வேண்டும். இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. முன்னது 15 லட்சம் ஜூல், பின்னது 2 லட்சத்து 40 ஆயிரம். வித்தியாசம் 12 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். நாலு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றின் தடையும் இன்ஜினின் இழுவையும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில். அதுவும் நாலே நொடியில். திறனாகச் சொன்னால் 315 கிலோவாட், 420 குதிரைத்திறனுக்கு மேல். இந்தக் காரின் இன்ஜின் 200 குதிரைத்திறன் தந்தாலே பெரிய விஷயம். ஆக, காரிலேயே வலுவான இயந்திரம் பானட்டுக்கு அடியில் இல்லை, சக்கரங்களுக்குள் இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது கார் முன்னால் குனிவதால் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகும். ஒவ்வொரு முன் டிஸ்க்கும் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) 7 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பிரேக்கிலேயே டிஸ்க்கின் வெப்பம் சுமார் 130 டிகிரி ஏறும். தெருவில் இப்படி ஒரு முறை மிதித்தால் அடுத்து ஆற நிறைய நேரம் கிடைக்கும். டிராக்கில் அரை நிமிடத்துக்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முழுக்க ஆறுவதற்குள் அடுத்த 130, அதற்கு மேல் இன்னொரு 130. உள்ளே வருகிற வெப்பமும் வெளியே போகிற வெப்பமும் சமமாகிற வரை ஏறிக்கொண்டே போகும். டிஸ்க் 500, 600 டிகிரியைத் தொடுவது டிராக்கில் சாதாரணம். மாலை மங்கலில் பார்த்தால் லேசாகச் செந்நிறத்தில் மின்னும்.

இனி மர்மத்துக்கு வருவோம். டிஸ்க்கின் சூடு, அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டைத் தாங்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனுக்குப் போகிறது. பிஸ்டனுக்குப் பின்னால் இருப்பது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், உண்மையில் அது கிளைக்கால் வகைத் திரவம். நீரை ஈர்த்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. ரப்பர் குழாய்கள் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 (டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு) தரத்துப் புதுத் திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு.

திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால்தான் கால் கொடுக்கிற விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியைச் சுருக்க முடியும். ஒரு துளி நீர் சாதாரண வளி அழுத்தத்தில் ஆவியானால் சுமார் 1600 மடங்கு பெருக்கும். காலிப்பருக்குள் அப்படிச் சில குமிழ்கள் உண்டானால் போதும், பெடல் தரையைத் தொடும் வரை அந்தக் குமிழ்களைத்தான் நசுக்கிக்கொண்டிருக்கும்; பேட் நகரவே நகராது. இதில் ஒரு குரூரமான நுணுக்கம் உண்டு. பெடலை மிதித்திருக்கும்போது குழாயில் அழுத்தம் அதிகம், அதனால் கொதிநிலையும் அதிகம். காலை எடுத்ததும் அழுத்தம் விழுகிறது, அப்போதுதான் திரவம் கொதிக்கிறது. அதாவது நீங்கள் நேர்ப்பாதையில் நிம்மதியாக ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பிரேக் உங்களுக்குத் தெரியாமல் காணாமல் போகிறது. எல்லாம் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். மெக்கானிக் மேல் தப்பில்லை. அவர் பார்த்தபோது குற்றவாளி ஊரிலேயே இல்லை.

பந்தயத்துக்கென்றே வரும் திரவங்கள் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஒரு பாட்டில் வாங்கி, நாலு சக்கரத்திலும் பழையது வெளியே வரும் வரை பிளீட் செய்தால், அதாவது வடித்துவிட்டால், போதும். இந்த மொத்தத் தொழிலில் கொடுக்கிற காசுக்கு இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிக்கோன் திரவத்தை மட்டும் எண் பெரிதாக இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். அது வேறு சாதி, கிளைக்கால் திரவத்தோடு கலக்காது. டாட் 5.1 என்பது அது அல்ல, கிளைக்கால் வகைதான்.

பிரேக் இன்னொரு விதத்திலும் கைவிடும். பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கும், ஆனால் கார் நிற்காது. அது பேட்டின் வேலை. தெருவுக்கான பேட் காலையில் குளிர்ந்த நிலையிலேயே கடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, தூசி கொட்டக் கூடாது. அதிலிருக்கும் பிசின்கள் மிதமிஞ்சிய சூட்டில் சிதைந்து வாயு விடுகின்றன; உராய்வும் குறைகிறது. டிராக் பேட் இதற்கு நேர் எதிர். சூடேறினால்தான் சரியாகக் கடிக்கும். குளிரில் கிறீச்சிடும், சக்கரத்தைக் கருப்பாக்கும். ஆக, பெடல் பஞ்சாக இருந்தால் திரவம், கல்லாக இருந்து கார் நிற்காவிட்டால் பேட். கருவி எதுவும் வேண்டாம், காலே சொல்லிவிடும்.

இந்த இரண்டையும் மாற்றிய பிறகும் சூடு அதிகம் என்றால், பெரிய டிஸ்க் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு குழாய் போதும். முன் டிஸ்க்குகள் பெரும்பாலும் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டுச் செய்தவை. சுழலும்போது அவை விசிறி மாதிரி வேலை செய்து, நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வீசுகின்றன. ஆகவே பம்பரிலிருந்து காற்றைக் கொண்டுவரும் குழாயின் வாய் டிஸ்க்கின் மையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். வெளிப்பக்க முகத்தில் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறும், பலன் பாதிதான். துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு. கடும் சூட்டில் அந்தத் துளைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும், அதனால் எனக்கு வேண்டாம்.

இன்ஜினில் திறன் கூட்டுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அதே நேர்ப்பாதையின் முடிவில் 10 சதவீதம் கூடுதல் வேகத்தில், அதாவது 198-ல் வந்து, அதே 72-க்கு இறங்கினால் பிரேக் வாங்க வேண்டிய வெப்பம் 25 சதவீதம் கூடும். வேகத்தின் வர்க்கம் செய்கிற வேலை அது. பிரேக்கைக் கவனிக்காமல் திறன் ஏற்றினால் நாலாவது சுற்றில் நடந்தது மூன்றாவதிலேயே நடக்கும். எடையைக் குறைப்பதோ எல்லாவற்றுக்கும் நல்லது: பிரேக், டயர், முடுக்கம் எல்லாம் ஒரே அடியில். அதுவும் இலவசம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, கார்பெட், வருடக்கணக்கில் தூங்கும் சாமான்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கிவையுங்கள். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டிலை முதலில் எடுங்கள். அது பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் டயர். டயர் மேல் சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாகாது. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். வளைவில் சுமை வெளிப்பக்கம் சாயும்போது, வெளி டயர் பெறுவது உள் டயர் இழப்பதை ஈடுகட்டுவதில்லை. இலேசான, தாழ்வான கார் வளைவில் சாமர்த்தியமாகப் போவதற்கு இது ஒரு காரணம். 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவான எடையோடு, பெரிய இன்ஜின் எதுவும் இல்லாமல், இன்றும் டிராக் பிரியர்களின் செல்லப்பிள்ளையாக இருப்பதும் இதனால்தான்.

காற்றழுத்தத்துக்குச் செலவே கிடையாது, ஒரு நல்ல கேஜ் போதும். 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ நிரப்பிய டயருக்குள் காற்று 70 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். பள்ளியில் படித்த வாயு விதிதான். அழுத்தம் ஏறினால் டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். கார் வழுக்க ஆரம்பிக்கும். அதனால் டிராக்கில் கணக்கு பார்க்க வேண்டியது சூடான அழுத்தத்தை. சில சுற்றுகள் ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறுவதற்குள் அளந்து, கூடுதலை இறக்கிவிட வேண்டும். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. தோள் வரைக்கும்கூட அழியாவிட்டால் அதிகம். (நைட்ரஜன் நிரப்பினால் ஏறாதா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாதது மட்டுமே அதன் லாபம்.)

வெளித்தோள் மட்டும் சீக்கிரம் தேய்ந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, போதவில்லை என்று அர்த்தம். வளைவில் கார் சாயும்போது டயரும் வெளிப்பக்கம் சாய்ந்து ஓரத்தில் நிற்கிறது. சக்கரத்தின் மேற்பகுதியை முன்கூட்டியே கொஞ்சம் உள்நோக்கிச் சாய்த்து வைத்தால், வளைவில் அது நேராக நிமிர்ந்து முழு அகலத்தில் தரையைப் பிடிக்கும். தெருவுக்கான அமைப்பில் பெரும்பாலும் ஒரு டிகிரிகூட இருக்காது. டிராக்குக்கு முன்பக்கம் இரண்டு, இரண்டரை டிகிரி வரை சாய்ப்பார்கள். விலை குறைந்த கேம்பர் போல்ட்டும் ஒரு அலைன்மென்ட்டும் போதும்.

இன்ஜினுக்குள் நடப்பது கண்ணில் படாது, காசு பறிப்பதில் அதுதான் முதல். பிடிமானமான டயரில் நீண்ட வளைவில் ஒரு ஜி அளவு (காரின் எடைக்குச் சமமான) பக்கவிசை வந்தால், சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இருக்கும் ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்துவிடும். ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். ஆயில் படலம் இல்லாமல் பேரிங்குகள் சில நொடி ஓடினாலே போதும், வேலை முடிந்தது. டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில் இருக்கட்டும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பெட்ரோலுக்கும் இதே கதை, கால் டேங்க்குக்குக் கீழே போனால் வளைவில் இன்ஜின் இருமும்.

பெல்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரிஜினல் சீட்டை வைத்துக்கொண்டு நாலுமுனை ரேஸ் பெல்ட் மட்டும் மாட்டுவது பாதுகாப்பு மாதிரி தெரியும். மோதலில் இடுப்புப்பட்டை மேலே ஏறி, உடல் அதற்கு அடியில் வழுக்கிப்போய் வயிற்றை அறுக்கலாம். முழுமையாக மாற்ற வசதி வரும் வரை கம்பெனி பெல்ட்டே போதும்.

கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு வர வேண்டும். நின்ற பிறகு காற்றோட்டம் நின்றுவிடும், டிஸ்க்கின் சூடு முழுக்கக் காலிப்பருக்குள் ஏறும். ஓடும்போது கொதிக்காத திரவம் நிற்கும்போது கொதிக்கும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, பிரேக் பெடலை மிதித்தபடியும் நிற்கக் கூடாது. சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி டிஸ்க்கில் தழும்பு விடும். அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கும்போது டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பல நேரம் வளைந்திருக்காது, பேட்டின் பொருள்தான் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும். ஆறியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்) ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

புதுத் திரவமும் பேட்டும் போட்டுக்கொண்டு அடுத்த முறை அதே டிராக்குக்குப் போனேன். நாலாவது சுற்றில் அதே இடத்தில் கால் கொஞ்சம் தயங்கியது உண்மை. பெடல் தயங்கவில்லை. ஏழாவது சுற்றில் முன் டயர்கள்தான் வழுக்கத் தொடங்கின. உள்ளே வந்து அளந்தால் 38. நாலு சக்கரத்திலும் இறக்கிவிட்டு மறுபடி போனேன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது டயர்கள் ஆறி, காற்று தெருவுக்குப் போதாமல் தொய்ந்திருந்தது. கால் பம்ப் எடுத்து வராததால், பக்கத்தில் நின்றவரிடம் இரவல் வாங்கி நாலையும் மிதித்து நிரப்பினேன்.