கரு கலைந்த பிறகு ‘கிளீன் பண்ணுவது’ எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “தங்கச்சிக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை, கிளீன் பண்ணணும் என்கிறார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டினால் அடுத்தது தங்குமா?”

நியாயமான பயம்தான். முதலில், ரத்தம் ஏன் நிற்கவில்லை? கர்ப்பப்பை சுருங்கும்போது அதன் தசைநார்கள் ஊடே ஓடும் ரத்தக்குழாய்களை நெரித்து மூடிவிடும். நச்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் முழுதாகச் சுருங்க முடியாது. கரு தானாகக் கலைந்தாலும் மாத்திரை போட்டுக் கலைத்தாலும் இதே கதைதான். பலருக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரையே மிச்சத்தை வெளியேற்றிவிடும். ரத்தப்போக்கு கடுமையாக இருந்தாலோ, காய்ச்சலோடு கிருமித்தொற்று வந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே எடுத்தாக வேண்டும்.

பழைய வழி டி அண்ட் சி. உலோகக் கரண்டியால் சுரண்டுவது. உட்சுவரின் அடியடுக்கு காயப்பட்டுத் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. இதைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிப் பல வருடங்களாகிவிட்டன.

அதற்குப் பதிலாக வந்தது கையால் இயக்கும் உறிஞ்சுகுழல். பார்க்க 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சுதான். வால்வை மூடி, பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்தால் அது அங்கேயே பூட்டிக்கொள்ளும், குழலுக்குள் வெற்றிடம். கர்ப்பப்பை வாயில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு வால்வைத் திறந்தால், சுமார் 60 செ.மீ. பாதரச அளவு உறிஞ்சுவிசை கிடைக்கும். மின்சார மெஷின் செய்யும் அதே வேலை, கரண்ட்டே வேண்டாம்.

வேலை முடிந்தது எப்படித் தெரியும்? குழாயில் சதை வருவது நின்று இளஞ்சிவப்பு நுரை வரும். சுவரில் நறநறவென்று ஓர் உரசல் டாக்டரின் விரலுக்குத் தட்டுப்படும். அப்புறம் கர்ப்பப்பையே சுருங்கி அந்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். அதுவரை நெரிக்க முடியாமல் தவித்த தசைநார்கள், இடம் காலியானதும் தம் வேலையைத் தாமே தொடங்கிவிடுகின்றன!

எடுத்ததைக் கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, கீழிருந்து வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும். நச்சுக்கொடித் திசு இலவம்பஞ்சு பிரிந்தாற்போல வெள்ளையாக மிதக்கும். அது காணவில்லை என்றால் உள்ளே மிச்சமிருக்கலாம், அல்லது கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். பின்னது உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டு நிமிடச் சோதனையை எந்த ஆஸ்பத்திரியும் தவிர்க்கக் கூடாது.

அஞ்செட்டி, சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ ரத்தம் போகப் போக ஒரு பெண்ணைக் கூட்டிவருவது எவ்வளவு தூரம்! கோடிகளில் கட்டடம் கட்டுவதற்கு முன், தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இந்தக் குழலும் பயிற்சி பெற்ற டாக்டரும் இருக்க வேண்டும் என்பேன். வந்தவளை “என்ன பண்ணின?” என்று அதட்டுவதும் நிற்க வேண்டும். திட்டுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்தால் தொற்று முற்றிவிடும். ஆரம்ப மாதங்களில் தானாகக் கலைவதில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் நிகழ்வது. அவள் குடம் தூக்கியதையும் காத்து கருப்பையும் பழி சொல்லாதீர்கள்.

அந்தத் தங்கைக்கு: உறிஞ்சுகுழல் முறையில் அடுத்த கர்ப்பத்துக்குப் பொதுவாகப் பாதிப்பு வராது. ஆனால் இரண்டே வாரத்தில்கூட அடுத்த கருமுட்டை வெளிவந்துவிடலாம், மாதவிலக்கு வருவதற்கு முன்பே. உடனே குழந்தை வேண்டாம் என்றால் வீடு திரும்பும் முன்பே நர்சிடம் கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள். தொற்று இல்லையென்றால் காப்பர்-டியை அன்றே வைத்துக்கொள்ளலாம். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலோ, 108-ஐ அழைத்துத் திரும்பி வாருங்கள்.