குறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம், கையெழுத்து போடுமுன் மட்டும் படித்துப் பாருங்கள்

2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி, நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எதற்கும் காசு கிடையாது. முதலில் 30 நாள் வரை என்றிருந்ததை அப்புறம் ஒரு வயது வரை நீட்டினார்கள். ஏழையா பணக்காரரா, எத்தனையாவது பிரசவம் என்ற கேள்வியே இதில் இல்லை. காப்பீட்டு அட்டை கேட்பார்கள், இருந்தால் கொடுங்கள். இல்லை என்பதற்காகப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

சரி, சிக்கல் எங்கே? "இன்குபேட்டர் காலி இல்லைம்மா, வேற எங்கயாவது பாருங்க" என்று வாயால் சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் அழைத்துச் செல்கிறோம்' என்று இருக்கும். பதறிப்போய் நிற்கும் அப்பா படிக்காமலே கையெழுத்து போட்டுவிடுவார். அதோடு மருத்துவமனையின் பொறுப்பு முடிந்தது, தனியாரில் ஏறும் பில் உங்கள் தலையில். இடமில்லை என்றால் எந்த அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதி ரெஃபரல் சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே கொண்டுபோகும் வண்டியும் இலவசம்தான், வாசலில் நிற்கும் தனியார் ஆம்புலன்ஸுக்குப் பேரம் பேச வேண்டாம்.

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன, ஆனால் அலுவலகத்துக்கு என்னவோ இரண்டும் ஒரே கேஸ். சின்னது உள்ளே இருக்கும், கொஞ்சம் எடை கூடியது அம்மாவோடு வீட்டுக்குப் போய்விடும், அதற்குத் தனி டிஸ்சார்ஜ் சம்மரிகூட இருக்காது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பிறந்த எடையும் எத்தனையாவது வாரம் என்பதும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் முன் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியாமல் பிறந்திருப்பதால் அவை தாறுமாறாக வளர்ந்து பார்வையையே பறித்துவிடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை ஏறும். முன்னாடியே வீட்டுக்குப் போன அந்த இரட்டையில் ஒன்றுதான் பெரும்பாலும் இந்தப் பரிசோதனையில் விடுபட்டுப்போகிறது, வார்டில் இருப்பதையாவது டாக்டர் வந்து பார்த்துவிடுவார். இந்தப் பரிசோதனையும் லேசர் சிகிச்சையும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய திட்டத்தில் இலவசம், மாவட்டத்தில் டி.இ.ஐ.சி. (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் அரசு மையம்) எங்கே என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனால் "கண் டாக்டர் இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அடுத்த வாரம் 30 நாள் தாண்டுமா என்று எண்ணிப் பாருங்கள். தாண்டும் என்றால் நகராதீர்கள், எங்கே போய்ப் பார்ப்பது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் இருந்தால் அங்கே நின்றபடியே அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் போன் போடுங்கள்.