42 நிமிட வீடியோவும் தாத்தாவின் கண்ணாடியும்

2020 ஜூலையில் என் முதல் ஆன்லைன் பாடத்தைப் பதிவு செய்தேன். அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து, பத்தாம் வகுப்பு ஒளியியலில் குவிலென்ஸை ஒரே மூச்சில் நடத்தி முடித்தேன். 42 நிமிடம். நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி இரண்டு முறை ஓடியது. சரி, வகுப்பில் நடத்துவதை அப்படியே நடத்திவிட்டோம் என்ற நிம்மதியோடு யூடியூபில் ஏற்றி, வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தது மூன்று நிமிடம் சொச்சம். அதற்குள் நான் லென்ஸையே கையில் எடுத்திருக்கவில்லை!

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் வீடு வீடாகப் போன் போட்டேன். மேலூர்ப் பக்கம் கிராமத்துப் பள்ளி எங்களுடையது. ஒரு வீட்டில் விடியும் முன்பே போன் மல்லிகை மூட்டையோடு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறது. "ராத்திரி அப்பா படுத்தப்புறம்தான் எங்க கைக்கு வரும் டீச்சர். அக்காவும் படிக்கணும்" என்றாள் அந்தப் பெண்.

ஃபிலிப் குவோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-ல் எழுதியதைப் பிறகு படித்தேன். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பாதிப் பேருக்கு மேல் ஆறு நிமிடம் தாண்டவில்லையாம். உடனே என் 42 நிமிடத்தை ஏழாக வெட்டினேன். அதுவும் அசட்டுத்தனம். மூன்றாவது துண்டைத் திறப்பவளுக்கு இரண்டாவதில் நான் போட்ட கதிர்ப்படம், அதாவது லென்ஸ் வழியாக ஒளி போகும் பாதையின் படம், வேண்டும். அதைத் தேட அவளிடம் போனும் இல்லை, நேரமும் இல்லை.

நான் போன பயிற்சிகளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொன்னார்கள். போன் கையில் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பாடத்தை மறுபடி முதலிலிருந்து செய்தேன். நான்கு நிமிட வீடியோ, கூகுள் ஃபார்மில் ஒரே ஒரு கேள்வி. முதல் ஃபார்ம் மின்னஞ்சல் முகவரி கேட்டதால் பாதிப் பேர் வாசலிலேயே நின்றார்கள்; அதை எடுத்துவிட்டேன். பிம்பம் பொருள் இருக்கும் பக்கமே விழும் என்று தப்பாகத் தட்டினால், வெறும் 'தவறு' வராது; கதிர்ப்படம் உள்ள பக்கத்துக்குப் போய், மறுபடி கேள்விக்கு வர வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியை வேறு எண்களோடு அனுப்புவேன். திரும்பப் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் வாரம் கழித்தும் நிற்கிறது என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-லேயே காட்டியிருக்கிறார்கள்.

கூடவே போன் தேவைப்படாத ஒரு வேலை. வீட்டில் பெரியவர்களின் வெள்ளெழுத்துக் கண்ணாடியை, காலையில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முன்னால் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்க வேண்டும். பவர் +2 என்றால் குவியத் தொலைவு, அதாவது தூரத்திலிருந்து வரும் ஒளி லென்ஸைத் தாண்டி ஒன்றுகூடும் தூரம், 50 செ.மீ.; சுவரிலிருந்து கிட்டத்தட்ட அந்தத் தூரத்தில் பிடித்தால் வெளியே இருப்பதன் படம் சுவரில் விழும்.

அன்று இரவு ஒன்பதரைக்கு வாய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கின. "டீச்சர், தாத்தா கண்ணாடியில வேப்பமரம் தலைகீழாத் தெரியுது!" பின்னால் தாத்தா இருமிக்கொண்டே கண்ணாடியைத் திருப்பிக் கேட்கிறார். கடைசியாக ஒருவன்: "எல்லாருக்கும் வருது, என் கண்ணாடியில மட்டும் வரவே மாட்டேங்குது டீச்சர்."

அவனுக்குக் கிட்டப்பார்வை; அவன் கண்ணாடி குழிலென்ஸ், அதில் சுவரில் படம் விழாது. மறுநாள் குழிலென்ஸ் பாடத்தை அவன் குரலை வைத்தே ஆரம்பித்தேன்.