வாக்குச்சீட்டில் ‘ஷெரிஃப்’ என்று ஒரு வரி: வட கரோலினாவில் அந்தப் பதவி என்ன செய்கிறது?

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் பக்கம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. செனட்டர் தேர்தல் என்றால் விசாரித்து ஓட்டுப் போடுவோம். வாக்குச்சீட்டில் கீழே போகப் போக, தெரியாத பெயர்கள் என்று சில வரிகளை அப்படியே விட்டுவிடத் தோன்றும். ஷெரிஃப் வரியை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள்.

வட கரோலினாவில் 100 கவுன்டிகள், அதாவது மாவட்டம் மாதிரியான பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் காவலையும் சிறையையும் பார்த்துக்கொள்ள ஒரு ஷெரிஃப். மாநில அரசியல் சாசனமே உண்டாக்கிய பதவி இது. 2018, 2022, 2026 என நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கட்சி சார்பில் போட்டி நடக்கும். கவுன்டி வாரியம் பணம் ஒதுக்கும், அவ்வளவுதான். யாரை வேலைக்கு எடுப்பது, யாரை அனுப்புவது என்பது ஷெரிஃபின் தனி உரிமை. கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஷெரிஃப் ஆக முடியாது என்ற விதிகூட 2010-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகுதான் சாசனத்தில் ஏறியது.

நகரப் போலீஸ் வேறு. ராலி, கேரி நகரங்களுக்குத் தனித்தனிப் போலீஸ் துறை உண்டு. நகர எல்லைக்கு வெளியே ரோந்து, நீதிமன்றப் பாதுகாப்பு, சம்மன் கொடுப்பது, நீதிமன்ற உத்தரவுப்படி வாடகைதாரரை வீட்டைக் காலி செய்ய வைப்பது இதெல்லாம் ஷெரிஃப் அலுவலகத்தின் வேலை. மறைத்துக் கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதியும் அங்கேதான். கைத்துப்பாக்கி வாங்கவே ஷெரிஃபின் அனுமதி வேண்டும் என்றிருந்த பழைய சட்டத்தை, அப்போதைய ஆளுநர் ராய் கூப்பரின் வீட்டோவை (மசோதாவை நிராகரிக்கும் அதிகாரம்) மீறி 2023-ல் சட்டமன்றம் ரத்து செய்துவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிகாரம் கவுன்டி சிறை. அங்கே அடைபடுபவர்களில் பலர் குற்றம் நிரூபிக்கப்படாமல் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே இருப்பவர்களும் உண்டு. அவர்களுடைய பாதுகாப்பு, மருத்துவம், சாப்பாடு எல்லாம் ஷெரிஃபின் பொறுப்பு. மாநில அரசியல் வந்து மோதுவதும் இந்தச் சிறை வாசலில்தான்.

சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுன்டி 2006 முதலும் ராலி இருக்கும் வேக் கவுன்டி 2008 முதலும் மத்தியக் குடிவரவுத் துறையோடு 287(ஜி) என்ற ஒப்பந்தத்தில் இருந்தன. சிறைக்கு வருபவரின் குடிவரவு நிலையை ஷெரிஃபின் ஊழியர்களே சோதிக்கும் ஏற்பாடு அது. 2018-ல் மெக்லன்பர்க்கில் கேரி மெக்ஃபாடனும் வேக்கில் ஜெரால்ட் பேக்கரும் அதை நிறுத்துவோம் என்று சொல்லி ஜெயித்தார்கள், நிறுத்தவும் செய்தார்கள். இரண்டு கவுன்டி வாக்காளர்கள் மாநிலத்தையே அசைத்த தேர்தல் அது.

சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை பதிலுக்கு, குடிவரவுத் துறையோடு ஒத்துழைக்கும்படி ஷெரிஃப்களைக் கட்டாயப்படுத்தும் மசோதாக்களைக் கொண்டுவந்தது. கூப்பர் 2019-லும் 2022-லும் வீட்டோ செய்தார். மூன்றாவதாக வந்த ஹவுஸ் பில் 10 என்ற மசோதா விஷயத்தில், 2024 நவம்பரில், ஐந்தில் மூன்று பங்கு வாக்குகளோடு அவரது வீட்டோ முறியடிக்கப்பட்டது. அதன்படி, குறிப்பிட்ட குற்றச்சாட்டுகளில் கைதானவர் குடிமகனா, சட்டப்படி குடியிருப்பவரா என்று தெரியவில்லை என்றால் ஷெரிஃப் குடிவரவுத் துறையைக் கேட்டாக வேண்டும். அவர்கள் பிடித்துவைக்கும் கோரிக்கையும் வாரன்டும் அனுப்பியிருந்தால், கைதியை நீதித்துறை அதிகாரி முன் நிறுத்தி, அவர் உத்தரவில் 48 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். முன்பு ஷெரிஃப் விருப்பத்துக்கு இருந்த விஷயம் இது. இப்போது கடமை.

அதிகாரம் குறைந்துவிட்டதே, பிறகு எதற்கு ஓட்டு என்று கேட்கலாம். சிறையை நடத்துவதும், ஊழியர்களைப் பொறுக்குவதும், சட்டம் சொன்னதற்கு மேல் குடிவரவுத் துறையோடு ஒத்துழைப்பதும் இன்னும் அவர் முடிவுதான்.

அப்புறம், நவம்பர் பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டாம். 2022-ல் பேக்கர் பதவியில் இருந்தபடியே தன் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் (பிரைமரி) வில்லி ரோவிடம் தோற்றார். எந்தக் கட்சியிலும் பதியாதவர்களும் அந்த முதற்கட்டத் தேர்தலில் ஏதாவது ஒரு கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். பதிவுக் கெடு தேர்தலுக்கு 25 நாள் முன்பு. அதைத் தவறவிட்டால், முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் முகவரிச் சான்றோடு போய் அங்கேயே பதிந்து அன்றே ஓட்டுப் போடலாம்.