பந்தல் துணி மாதிரி ஒரு வானம்

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் மாலையில் எடுத்த ஒரு ஜோடிப் படத்தை, ஆல்பத்துக்குத் தேர்வு செய்ய வந்த குடும்பத்திடம் காட்டிக்கொண்டிருந்தேன். முகம் இரண்டும் நன்றாக வந்திருந்தன. பெண்ணின் அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, அன்னிக்கு வானம் அப்படிச் செவந்து கெடந்துச்சே, இதுல பந்தல் துணி கட்டுன மாதிரி வெள்ளையா இருக்கு?”

பதில் இல்லை. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித்தான் ஆல்பத்தில் வைத்தேன். தொழிலுக்கு வந்த புதிது. கேமராவே சுருக்கி முடித்துத் தரும் ஜேபெக் ஃபைலில் மட்டும் எடுத்துக்கொண்டிருந்த காலம்.

ஏற்காட்டின் மேலே நின்று அஸ்தமனத்தைப் பார்க்கும்போது நம் கண் ஒரு வேலை செய்கிறது. வானத்தைப் பார்த்தால் சுருங்கிக்கொள்கிறது, கீழே சரிவைப் பார்த்தால் விரிந்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாக நமக்குக் கொடுத்துவிடுகிறது மூளை. கேமராவுக்கு ஒரு க்ளிக்கில் ஒரே அளவுதான். சூரியன் பக்கத்து வானத்துக்கும் நிழல் விழுந்த மலைச்சரிவுக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஸ்டாப் என்பது வெளிச்சத்தை அளக்கும் கணக்கு; ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு வெளிச்சம் என்பதால், 32 முதல் 64 மடங்கு. ஃபிரேமில் மலை அதிகம் இருந்தால் கேமரா, “இருட்டா இருக்கே” என்று தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வானம் காலி.

படியில் அரிசி அளக்கும்போது நிரம்பி வழிந்தது எவ்வளவு என்று படிக்குத் தெரியாது. கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சாரும் அப்படித்தான். நிரம்பிய புள்ளிகள் எல்லாம் ஒரே வெள்ளை; அதில் மேகத்தின் விளிம்பைத் தேடினாலும் கிடைக்காது. வெளிச்சம் குறைவாக விழுந்த இடத்தில், கொஞ்சம் புள்ளி புள்ளியான இரைச்சலோடாவது, தகவல் இருக்கும். அதனால் வானத்தைக் காப்பாற்று, தரையைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். இதற்கு, சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைதான். 14 பிட் ரா ஃபைலில் 16,384.

டிசம்பர் மாலை ஒன்றில் நான் செய்வது இது. அந்த மாதம் சூரியன் தென்மேற்கில் சாய்வதால் லேடீஸ் சீட்டுக்குத் தோது. வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் திறப்பு எஃப் 11. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குக் கேமரா 1/60 நொடி சொல்கிறது. எடுத்துப் பார்த்தால், வெளிச்சம் ஓவர் ஆன இடம் திரையில் மின்னுகிறது, சூரியனைச் சுற்றிப் பெரிய தட்டு அளவுக்கு. 1/125 வைக்கிறேன், தட்டு கிண்ணமாகிறது. 1/250, சூரிய வட்டம் மட்டும் மின்னுகிறது. அது வெள்ளையாகத்தான் இருக்கும், விட்டுவிடலாம். சரிவு முழுக்கக் கரி பூசியதுபோல் தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் உதவியாளர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கம்ப்யூட்டரில் ஷேடோவை, அதாவது இருண்ட பகுதியை, இரண்டு ஸ்டாப் தூக்கினால் காப்பித் தோட்டமும் மலைப்பாதையின் வளைவும் எழுந்து வரும்.

படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பார்ப்பவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். ஒற்றை ஹிஸ்டோகிராம் நல்ல பிள்ளையாக நிற்கும்போதே சிவப்பு நிறம் மட்டும் நிரம்பி வலது ஓரத்துச் சுவரில் முட்டியிருக்கும். அப்படிப் போனால் ஆரஞ்சு நிறம் தட்டையான மஞ்சளாகிவிடும். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் வையுங்கள்; ஆட்டோ அந்தச் சிவப்பையே ‘சரிசெய்து’ தொலைத்துவிடும்.

லென்ஸுக்கு முன்னால் வைக்கும், மேல் பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கன்னியாகுமரிக்கு அடிக்கடி போகிறவர் என்றால் வாங்குங்கள். நேர்கோடாகக் கடலும் வானமும் பிரியும் இடத்துக்கு அது அருமை. இங்கே தொடுவானத்தைக் கிழித்துக்கொண்டு சில்வர் ஓக் மரம் நிற்கும். ஃபில்டரின் கறுப்புப் பாதி மரத்தின் தலையையும் சேர்த்து மூடிவிடும். பாதி மரம் பச்சை, பாதி மரம் கறுப்பு. காசு கொடுத்து நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணைப்பது இன்னொரு வழி. ட்ரைபாட் வேண்டும், காற்றும் ஓய்ந்திருக்க வேண்டும். இலை அசைந்தால் இணைத்த படத்தில் பேய் போல இரட்டையாகத் தெரியும். அதிகமாக இழுத்தால் மலை விளிம்பில் வெளிச்ச வளையம் வந்து, படம் பழைய காலண்டர் மாதிரி ஆகிவிடும். ஜோடி நிற்கும் படத்துக்கு நான் இதைத் தொடுவதே இல்லை.

போனில் எடுப்பவர்கள் வானத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரில் தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ் மாட்டிக்கொண்டு, கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்குவதும் இதுவும் ஒன்றுதான். இங்கே காகிதம் உங்கள் விழித்திரை. பின்பக்கத் திரையில், லைவ் வ்யூவில் பாருங்கள். பாறை விளிம்பில் பின்னோக்கி நகர்ந்து ஃபிரேம் போடுவதும் வேண்டாம்.

அப்புறம், சூரியன் மறைந்ததும் கூட்டம் வண்டியை நோக்கி ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அடுத்த பதினைந்து இருபது நிமிடத்தில் வானத்தின் வெளிச்சம் இறங்கி, தரையோடு ஏறக்குறைய சமத்துக்கு வரும். கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்போது, மேலே மிச்சச் சிவப்பும் இருக்கும். ஃபில்டரும் வேண்டாம், மூன்று படமும் வேண்டாம். ட்ரைபாடும் ஒரு ஸ்வெட்டரும் போதும். இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பனி இறங்கியிருந்தால் இன்னும் மெதுவாக வாருங்கள்.